மேலே போவது பெரிதில்லை, மாப்ளே

விண்வெளியின் ஓரம்வரை கேமராவை அனுப்பிப் படம் எடுக்க ஆகும் செலவு 148 டாலர். இது என் கணக்கல்ல. 2009 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் இரண்டு பேர் செய்து காட்டிய கணக்கு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கண்ணில் படாமல் யாராவது இதைப் பூட்டி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படிக்கும் அக்கா மகன் பார்த்துவிட்டான். "மாமா, உங்ககிட்ட ஒரு பழைய டிஜிட்டல் கேமரா இருந்துச்சுல்ல, இன்னும் பீரோவுலதான் இருக்கா?" என்று போனில் ஆரம்பித்தான். சொந்தக்காரப் பையன் நம் பழைய பொருளைப் பாசமாக விசாரித்தால் அது திரும்பி வராது என்று அர்த்தம். இந்த முறை அது எவ்வளவு தூரம் போகப்போகிறது என்பதுதான் புதுசு.

அமெரிக்கப் பையன்கள் செய்தது இவ்வளவுதான். பீர் பாட்டிலைக் குளிராக வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்று. அதில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் சாதாரண கேனன் கேமரா. ஐந்து வினாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார்கள். கூடவே ஜிபிஎஸ் உள்ள மலிவு ப்ரீபெய்டு செல்போன். பனிக்காலத்தில் கையைச் சூடாக்கிக்கொள்ள அங்கே கடையில் விற்கும் சின்னப் பொட்டலங்கள் சில. மேலே ஹீலியம் அடைத்த வானிலை பலூன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டர்பிரிட்ஜ் என்ற ஊரில் விட்டார்கள். அது 93,000 அடி, அதாவது சுமார் 28 கிலோமீட்டர் ஏறி, வெடித்து, வூஸ்டர் நகரில் வந்து விழுந்தது. படத்தில் பூமி வளைந்து கிடக்கிறது. பட்டப்பகலில் வானம் கறுப்பாக இருக்கிறது.

இதே வளைவைப் படம் பிடிக்க 1935-ல் அமெரிக்க ராணுவ விமானப்படையும் நேஷனல் ஜியாக்ரபிக் சொசைட்டியும் சேர்ந்து படாத பாடு பட்டன. இரண்டு அதிகாரிகளை ஓர் உலோக உருண்டைக்குள் அடைத்து, பிரம்மாண்டமான பலூனில் கட்டி, 22 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார்கள். முந்தைய ஆண்டு இதே முயற்சியில் பலூன் கிழிந்து, உள்ளே இருந்த மூன்று பேரும் பாராசூட்டில் குதித்துத் தப்பியிருந்தார்கள். இப்போது அந்த உருண்டையின் இடத்தில் பீர் பெட்டி. முன்னேற்றம் என்றால் இதுதான் என்று நினைக்கிறேன்.

எம்.ஐ.டி. பையன்கள் திட்டத்துக்கு இகாரஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். சூரியனுக்குப் பக்கத்தில் போய், இறக்கையை ஒட்டிய மெழுகு உருகிக் கடலில் விழுந்த கிரேக்கப் பையன். விழுந்து செத்தவன் பெயரை நம் ஊரில் ஷேர் ஆட்டோவுக்குக்கூட வைக்க மாட்டோம். அறிவியலுக்கும் அது ஒத்துவராது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஏறினாலே மைனஸ் ஐம்பது, அறுபது டிகிரி குளிர். மெழுகு உருகாது, பேட்டரிதான் விறைத்துப்போகும். அந்தச் சூட்டுப் பொட்டலங்கள் அதற்காகத்தான். என்னைக் கேட்டிருந்தால் சம்பாதி என்று வைக்கச் சொல்லியிருப்பேன். தம்பி ஜடாயுவைக் காப்பாற்றச் சூரியனுக்குக் கீழே சிறகை விரித்து, கருகி விழுந்தவர் அவர். ஆனால் விழுந்த இடத்தில் சும்மா கிடக்கவில்லை. தேடிக்கொண்டு வந்த வானரங்களுக்குச் சீதை எங்கே இருக்கிறாள் என்று இடம் சொன்னார். விழுந்த பிறகும் இடம் சொல்ல வேண்டும். பலூன் விடுகிறவன் தன் பெட்டியிடம் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

ஏனென்றால் மேலே போவதில் பலூனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. வினாடிக்கு ஐந்து மீட்டர் வீதம் ஏறினால் நூறு நிமிடத்தில் 30 கிலோமீட்டர். ஏற ஏற வெளிக்காற்று மெலியும், பலூன் உப்பும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான். கீழே ஒன்றரை மீட்டர் அகலம் இருந்த ரப்பர் மேலே ஆறு மீட்டராகி, இனித் தாங்காது என்றானதும் வெடிக்கும். பிறகு பாராசூட். மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வானிலைத் துறை பல ஆண்டுகளாக இப்படிப் பலூன் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உலகம் முழுக்கச் சுமார் 900 நிலையங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நாம்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஒரு கட்டுப்பாடு உண்டு, பலூனை வெறும் கையால் தொடக் கூடாது என்பார்கள். தோலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் பலவீனமாகிவிடுமாம். இதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அக்கா வீட்டில் தேங்காய் எண்ணெய் படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது இன்னும் கடையில்தான் இருக்கிறது.

சிக்கலெல்லாம் கீழே வரும்போதுதான். பல ஜிபிஎஸ் சில்லுகள் 18 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டினால் இடம் சொல்வதை நிறுத்திவிடும். யாரும் அதை வைத்து ஏவுகணை செய்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. பீர் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது தெரியாமல், தன்னை யாரோ ஏவுகணையில் ஏற்றிவிட்டார்கள் என்று அது வாயை மூடிக்கொள்கிறது. செல்போனுக்கோ அவ்வளவு உயரத்தில் டவரே எட்டாது. ஆக, பயணத்தின் முக்கியமான பகுதி முழுக்கப் பெட்டி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையை முதல்முதலாக விடுதியில் சேர்த்த பெற்றோர் போல, போனைப் பார்த்துக்கொண்டே காரில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சில போன்கள் கடைசிவரை பேசுவதே இல்லை. 2013 ஜூனில் அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பக்கம் மாணவர்கள் சிலர் இப்படி ஒன்றை விட்டார்கள். 30 கிலோமீட்டர் ஏறியது, அருமையாகப் படம் எடுத்தது, இறங்கியது. இறங்கும் இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று செல்போன் கம்பெனியின் வரைபடம் சொல்லியிருந்தது. கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அந்தப் பாலைநிலத்தில் நடைபோன ஒருவர் கண்ணில் பெட்டி பட்டது. அவர் வேலை பார்த்ததே அந்தச் செல்போன் கம்பெனியில். சிம் கார்டை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். வாடிக்கையாளர் சேவை என்றால் இப்படி இருக்க வேண்டும். தாமதத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளலாம்.

பலூன் விழும் இடத்தில் இருப்பவர்களைப் பற்றி, விடுகிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே யோசிப்பதில்லை. 1783 ஆகஸ்ட் 27-ல் ஜாக் சார்லஸ் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் உலகின் முதல் ஹைட்ரஜன் பலூனைப் பாரிஸில் விட்டார். ஆளில்லாத பலூன். முக்கால் மணி நேரம் பறந்து கோனெஸ் என்ற கிராமத்தில் இறங்கியது. வானத்திலிருந்து ஏதோ வந்து மூச்சு விட்டுப் புரள்வதைக் கண்ட கிராமத்தார், கவைக்கோலையும் கத்தியையும் எடுத்து வந்து குத்திக் கிழித்துவிட்டார்கள். பிறகு அரசாங்கமே, இது பூதமல்ல, பயப்பட வேண்டாம் என்று மக்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. நான் கோனெஸ் கட்சி. களத்து மேட்டில் அப்படி ஒன்று சீறிக்கொண்டு கிடந்தால் வேறென்ன செய்வார்கள்?

1947-ல் நியூ மெக்ஸிகோவில் ரோஸ்வெல் பக்கம் ஒரு பண்ணையில் சிதறிக் கிடந்ததும் பலூன்தான். சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க ராணுவம் ரகசியமாக விட்டது. ராணுவம் முதலில் பறக்கும் தட்டு என்றது, சில மணி நேரத்திலேயே வானிலை பலூன் என்றது. இன்று வேற்றுக்கிரகவாசிகள் பெயரைச் சொல்லி ஒரு ஊரே பிழைக்கிறது. பெட்டியின்மேல் முறையாக ஒரு சீட்டு ஒட்டாததன் பலன்.

ஆகவே மருமகனிடம் நான் உயரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "விழுற இடம் எது மாப்ளே?" என்று மட்டும் கேட்டேன். செமஸ்டர் லீவில், ஜூனில் விடுவதாகச் சொன்னான். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்னிந்தியாவுக்கு மேலே பதினாலு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் காற்று ஓடுகிறது. கோயம்புத்தூரில் விட்டால் பெட்டி கேரளாவுக்குத்தான் போகும். பாலக்காட்டுத் தென்னந்தோப்பில் விழுந்தால் நல்ல காலம். காட்டில் விழுந்தால் யானைக்கு. கொஞ்சம் தள்ளிப்போனால் அரபிக்கடலுக்கு.

அக்கா போனை வாங்கிக்கொண்டாள். "கேமரா கிடக்கட்டும்டா. அதைத் தேடிக்கிட்டு இவன் காட்டுக்குள்ள போனா, இவனை யாரு தேடுறது?" என்றாள். இத்தனை ஆண்டுப் பலூன் வரலாற்றில் இதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

விமானங்கள் போகும் வானம் என்பதால் அனுமதி வாங்காமல் விட முடியாது. கல்லூரி வழியாக விண்ணப்பித்திருக்கிறான். கேமராவைக் கொடுத்துவிட்டேன். பெட்டியில் ஒட்டும் சீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுத வைத்தேன்: மாணவர் ஆய்வுப் பெட்டி, ஆபத்தில்லை, கீழ்க்கண்ட எண்ணுக்குத் தகவல் சொல்லவும்.

பாலக்காட்டுப் பக்கம் தோப்பு, வயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வானத்திலிருந்து வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி விழுந்தால் தடியை எடுக்காமல் சீட்டைப் படியுங்கள். அதில் இருப்பது அக்காவின் நம்பர். அவள் எடுத்ததும் பையன் நன்றாக இருக்கிறான் என்று முதலில் சொல்லிவிடுங்கள்; பெட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்.