கட்டம் காலி, ஆள் எங்கே?

கே: நீரிழிவு நோயாளிகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆய்வு செய்கிறாள் என் மகள். பலர் இரண்டாம் முறை வரவே இல்லை. காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடலாமா, அங்கிள்? (ஸ்ரீ கெம்பாங்கான்)

ப: சர்க்கரை பூஜ்யம் என்றால் ஆளே இல்லை, அம்மா. காலி என்றால் ‘தெரியாது’. அதை அப்படியே விடச் சொல்லுங்கள்.

கே: கடைசியாக வந்த அளவையே இழுத்துப் போட்டால்? (காஜாங்)

ப: ஒருவரின் சர்க்கரை அளவு (ஹெச்பிஏ1சி) 9.1, அடுத்து 8.4, பிறகு இரண்டு முறை காலி. அங்கே 8.4 என்று எழுதினால், மனிதர் மருந்தை நிறுத்தி 10-ஐத் தாண்டியிருந்தாலும் ஏட்டில் மட்டும் சுகமாக இருப்பார். தக்க நியாயம் காட்டாமல் இதை முதன்மை முறையாக்காதீர்கள் என்று 2010-லேயே அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் சொல்லியாயிற்று.

கே: வந்தவர்களை மட்டும் எண்ணினால்? (பூச்சோங்)

ப: ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்தான் ஒழுங்காக வருவார். ஊரே குணமானது போலத் தெரியும்.

கே: இப்படித் தரவு விடுபடுவதற்கு இலக்கணம் வகுத்தவர் யார்? (பிரிக்பீல்ட்ஸ்)

ப: புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின், 1976. விடுபடுவது மூன்று வகை. ஒன்று, சுத்தத் தற்செயல். இரண்டு, காரணம் நம் ஏட்டிலேயே இருப்பது: இரவு ஷிப்டுக்காரர் வரவில்லை, ஆனால் ஷிப்டைக் குறித்து வைத்திருக்கிறோம். மூன்று, காரணமே தொலைந்த எண்ணுக்குள் ஒளிந்திருப்பது: சர்க்கரை எகிறியிருக்கிறது, டாக்டர் ஏசுவார் என்று பயந்து வராதவர். இவரை எந்த மென்பொருளாலும் பிடிக்க முடியாது. தாதி போன் போட்டால் பிடிக்கலாம்.

கே: வெள்ளத்தில் போன படிவங்கள் தற்செயல்தானே? (கிள்ளான்)

ப: வெள்ளம் கிளினிக் அலமாரியை நனைத்தால் தற்செயல் எனலாம். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் புகுந்தது போல வீடுகளுக்குள் புகுந்தால் இல்லை. தாழ்வான இடத்தில் இருப்பவர் யார் என்று கேளுங்கள்.

கே: ஒரே கட்டத்தை இருபது தடவை நிரப்புகிறார்களாமே, வேலை இல்லையா? (செர்டாங்)

ப: ஒரே தடவை நிரப்புகிறவர் தன் ஊகத்தையே உண்மை என்று நம்பிவிடுகிறார். வெவ்வேறு ஊகத்தோடு இருபது தடவை நிரப்பினால் இருபது பட்டியல், இருபது விடை வரும். அவை எவ்வளவு முரண்படுகின்றனவோ, அதையும் பிழை எல்லையில் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கு முறையும் ரூபினுடையதுதான்.

கே: நம் நாட்டில் இப்படிப் பெரிய தொடர் ஆய்வு உண்டா? (ஷா ஆலாம்)

ப: உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ‘மலேசியன் கோஹோர்ட்’: 2006 முதல் 2012 வரை, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 106,527 பேர். சேர்த்தது சாதனை. திரும்ப வரவழைப்பது அதைவிடப் பெரிய பாடு.

கே: ஆய்வுக் கட்டுரையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? (பலகோங்)

ப: யார், எப்போது, ஏன் விலகினார்கள் என்ற அட்டவணையை. அது இல்லாவிட்டால் நான் அடுத்த பக்கம் திருப்புவதில்லை.