செவ்வாய்க்கிழமை யார் வருவா?

பெரம்பலூருக்குள் ரயில் வராது. ரயிலேற அரியலூர் போக வேண்டும், விமானமேறத் திருச்சி. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பழைய விமானங்களைச் சம்பளம் இல்லாமல் துடைத்துத் தட்டி உயிரோடு வைத்திருக்கும் தன்னார்வலர்களைப் பற்றி எழுத உனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். இருக்கிறது. எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார்.

சித்தப்பா விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டர். அறுபதுகளில் குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தகரப் பெட்டியோடு கிளம்பி, தாம்பரத்தில் பயிற்சி முடித்து, டகோட்டா விமானங்களின் இறக்கைக்குக் கீழே இளமையைக் கழித்தவர். ஓய்வு பெற்று வந்தபோது ஊரார் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “நீ ஏரோப்ளேன் ஓட்டுவியா?” “ஓட்டிக்கிட்டுப் போனவனைத் திரும்பி வர வைப்பேன்” என்றார். ஓட்டாதவனுக்கு விமானப்படையில் என்ன வேலை என்று ஊருக்குப் புரியவில்லை. மிலிட்டரி கேண்டீன் அட்டை அவரிடம் இருப்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. இன்றும் உறவில் பாதிப் பேருக்கு அவர் ‘கேண்டீன் சித்தப்பா’தான்.

டகோட்டா இன்ஜினில் 14 சிலிண்டர்கள், வட்டமாக நிற்கும். விமானம் சும்மா நிற்கும் நேரத்தில் எண்ணெய் மெல்லக் கசிந்து, கீழ்ப்பக்கத்து சிலிண்டர்களில் போய்த் தேங்கும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அது தெரியாமல் காலையில் சுவிட்சைப் போட்டால் உள்ளே ராடு வளைந்துவிடும். ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆட்கள் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பிளேடு, அடுத்த பிளேடு, அதற்கடுத்தது. எங்காவது முட்டி நின்றால் தள்ளக் கூடாது. கீழே உள்ள பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடித்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். “முட்டுதேன்னு பலம் காட்டினவன் இன்ஜினுக்கு எமன்டா” என்பார் சித்தப்பா. வீட்டில் கல்யாணப் பேச்சு சீர்வரிசையில் முட்டி நிற்கும்போதும் இதையே சொல்வார்: “பலம் காட்டாதீங்க. பிளக்கைக் கழட்டுங்க.” யாருக்கும் ஒன்றும் விளங்காது. விளங்காத திகைப்பில் இரு தரப்பும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டு கல்யாணம் அப்படித்தான் கூடி வந்தது.

ஓய்வுக்குப் பிறகு அவர் கைக்கு விமானம் சிக்கவில்லை. சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் எடைக்குக் கிடந்த ஆல்டிமீட்டர் சிக்கியது. விமானம் எத்தனை அடி உயரத்தில் பறக்கிறது என்று காட்டும் கருவி. முள் அசையவில்லை. வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, பூதக்கண்ணாடியும் பல் துலக்கும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தார். உள்ளே காற்றை உறிஞ்சி மூடிய மெல்லிய தகட்டுச் சிமிழ் ஒன்று. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் அது மயிரிழை அளவு உப்பும். அந்த உப்பலைக் குட்டிக் குட்டிப் பல்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். ஒவ்வொரு பல்லாக அழுக்கெடுத்து, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்து, முள்ளை உயிர்ப்பித்துத் தாழ்வாரச் சுவரில் மாட்டினார்.

அன்று முதல் எங்கள் சித்தப்பா வீடு பறக்கிறது. மழைக்கு முன் காற்றழுத்தம் இறங்குமல்லவா? அந்தக் கருவிக்கு மழையெல்லாம் தெரியாது. அழுத்தம் குறைந்தால் நாம் மேலே ஏறிவிட்டோம் என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வங்கக் கடலில் புயல்சின்னம் உருவானால் பெரம்பலூரில் வீடு இருநூறு அடி எழும்பிவிடும். “பித்தளைக் குப்பைக்கு ஆணி அடிச்சுச் சுவரைக் கெடுத்தீங்க” என்று முதலில் திட்டிய சித்தி, இப்போது சின்ன வெங்காயத்தைக் களத்தில் உலர்த்துவதற்கு முன் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார்: “ஏங்க, இன்னிக்கு வீடு எவ்வளவு உசரத்துல இருக்கு?” நூறடி ஏறியிருக்கிறது என்று பதில் வந்தால் தார்ப்பாய் வெளியே வரும்.

சித்தப்பாவுக்குப் பொறாமை உண்டு என்றால் அது இங்கிலாந்துக்காரர்கள் மேல்தான். அங்கே வெய்பிரிட்ஜ் என்ற ஊரில் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. 1940 டிசம்பர் 31 அன்று பயிற்சியில் இன்ஜின் கோளாறாகி ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. லாக் நெஸ் என்றால் ராட்சதப் பிராணி ஒன்று ஒளிந்திருப்பதாகச் சொல்வார்களே, அதே ஏரி. 1976-இல் அந்தப் பிராணியைப் பிடித்தே தீருவது என்று சோனார் கருவியோடு வந்த அமெரிக்கர்கள், அடியில் பெரிதாக ஏதோ கிடப்பதைக் கண்டு குதித்தார்கள். அதற்கு இறக்கை இருந்தது. 1985-இல் மேலே தூக்கினார்கள். 45 வருடம் தண்ணீரில் ஊறிய வால் விளக்கைக் கழுவி பேட்டரியில் இணைத்துப் பார்த்தார்கள். எரிந்தது. பிறகு அருங்காட்சியகத் தன்னார்வலர்கள் வருடக்கணக்காக உட்கார்ந்து அந்த அலுமினியப் பின்னலைத் துண்டு துண்டாகக் கோத்தார்கள். 11,000-க்கு மேல் செய்யப்பட்ட வெலிங்டன்களில் இன்று உருப்படியாக உள்ளவை இரண்டே இரண்டு. அதில் இது ஒன்று.

“நமக்கும் அந்தக் கொடுப்பினை இருந்திருக்கணும்” என்று சித்தப்பா பெருமூச்சு விட்டபோது, நமக்கும் ஒன்று நடந்ததே என்று நினைவூட்டினேன். 2020 அக்டோபரில் அவருடைய குன்னம் பக்கத்திலேயே மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கல் வந்தது. டைனோசர் முட்டை என்று அரை நாளில் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப் பறந்தது. 2009-இல் அரியலூர் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக ஆய்வாளர்கள் அறிவித்திருந்ததால் எங்களுக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகம். நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் பிராணி படிந்த கல் என்றார்கள். அவர்கள் பிராணியைத் தேடி விமானத்தை எடுத்தார்கள். நாங்கள் முட்டையை எடுத்து நத்தையாக்கினோம்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் மண்ணின் கோளாறே இதுதான். சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். வயது சுமார் 12 கோடி வருடம். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வந்து உலகுக்குச் சொல்லும்வரை அதை யாரும் துடைக்கவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை, சங்கம் வைத்துக் காக்கவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. பிறகு வேலி போட்டார்கள், இன்னும் பத்திரமாகக் கிடக்கிறது. இதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்குப் பழசு என்றால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ரத்தத்தில் ஊறிவிட்டது. அலுமினியம் அப்படியில்லை. நான்கு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும், பூத்துப் பொரிந்து ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உதிரும். கல்லுக்கு வேலி போதும். விமானத்துக்கு ஆள் வேண்டும்.

எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், ஒரு பூங்காவில் தூண்மேல் நிறுத்திய ஜெட் விமானம் ஒன்றைப் பார்க்க அவரை அழைத்துப் போனேன். குழந்தைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா விமானத்தைப் பார்க்கவில்லை, அதன் வயிற்றைப் பார்த்தார். உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற அடியில் சிறு துளைகள் இருக்குமாம். அத்தனையையும் யாரோ புண்ணியவான் சில்வர் பெயின்ட்டால் அடைத்து மொழுகியிருந்தார். வால் பக்கத்துக் குழாயில் மைனா குடும்பம் நடத்தியது. சக்கரத்தில் டயர் ஒரு பக்கமாகச் சப்பி உட்கார்ந்திருந்தது. விமானத்துக்கு மாலை போட்டிருந்தார்கள், அதுவும் காய்ந்திருந்தது. “தம்பி, இதுக்கு விழா எடுத்திருக்காங்க, வேலை எடுக்கலை” என்றார். காவலாளியிடம் ஏணி கேட்டார். ஏணி கேட்டு வந்த முதல் பார்வையாளர் அவராகத்தான் இருக்க வேண்டும். காவலாளி என்னைப் பார்த்து, பெரியவரைக் கூட்டிப் போகும்படி கண்ணாலேயே கெஞ்சினார்.

நம்மால் முடியாதது இல்லை என்பதற்கு அவரிடம் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கிளம்பிய பிரிட்டிஷ் விமானப்படை, கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் குவித்துப் போட்டுவிட்டுப் போனது. அமெரிக்காவிடம் கடன்-குத்தகையில் வாங்கியவை. திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அழிக்கிறோம் என்று இனி பறக்கவே முடியாதபடி அடித்து நொறுக்கிவிட்டுத்தான் போனார்கள். பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் 1948-இல் வந்து, இதில் ஒன்று அதில் ஒன்று என்று கழற்றிப் பூட்டி எழுப்பி நிறுத்தினார்கள். ஒட்டுப்போட்ட அந்த விமானங்களை கான்பூரிலிருந்து பெங்களூருக்குப் பறந்து கொண்டுவந்தவர் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி. நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் அப்படி மீண்டன. இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில இந்தியாவிலிருந்து போனவை. அதில் ஒன்று அமெரிக்கத் தன்னார்வலர்கள் கைபட்டு 1989-இல் மறுபடி பறக்கவே செய்தது. “அவங்க உடைச்சதை நாம ஒட்டினோம். நாம விட்டதை அவங்க துடைச்சாங்க” என்று சித்தப்பா கணக்கை நேர் செய்துவிடுவார்.

கழற்றிப் பூட்டுவது எங்கள் மாவட்டங்களுக்கும் புதிதில்லை. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைக் கழற்றினார்கள். 2002-இல் பூட்டினார்கள். 2007-இல் மறுபடி கழற்றினார்கள். சித்தப்பா எப்போது ரேஷன் அட்டையைப் பார்த்தாலும், “கழட்டின ஸ்க்ரூவையெல்லாம் எண்ணி வெச்சாங்களான்னு யாரும் கேக்கலையேடா” என்று வருத்தப்படுவார்.

2018 ஏப்ரலில் ‘பரசுராமா’ இந்தியா வந்தது. பிரிட்டனில் வைத்துச் சீர்செய்த டகோட்டா. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் விமானப்படைக்குக் கொடுத்தது. அவருடைய தந்தை டகோட்டா விமானி. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டகோட்டாக்களின் நினைவாக வி.பி. 905 என்ற எண்ணை அதன்மேல் எழுதினார்கள். சித்தப்பா டி.வி. ஒலியை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடி, இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அந்த மனக்குறையிலேயே இருந்தார்.

ஓடாத விமானத்தைத் துடைத்து என்ன லாபம் என்று சித்தி ஒருமுறை கேட்டார். சித்தப்பா கலாமை இழுத்துவந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள் தன்னை எப்படி ஈர்த்தன, மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே தான் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அப்துல் கலாம் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். “மைனா கூடு கட்டின விமானத்துக்குப் பக்கத்துல எவன் உக்காருவான்? எவனோ துடைச்சு வெச்சிருக்கான். அவன் பேரு எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல” என்றார். சித்தி மேற்கொண்டு கேட்கவில்லை. கலாமை எதிர்த்து யார் பேசுவது?

போன வருடம் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து நாலு பேர் வெள்ளைக் காரில் வந்தார்கள். விமானப்படையிடம் ஓய்வுபெற்ற விமானம் ஒன்று கேட்டு வாங்கி, கல்லூரி வாசலில் நிறுத்த ஆசை. மூக்கு எந்தத் திசையைப் பார்க்கலாம் என்று வாஸ்து நிபுணரைக் கேட்டாயிற்று, தொழில்நுட்ப ஆலோசனைக்கு இவர்.

“நிறுத்துறது கிரேன்காரன் வேலை. செவ்வாய்க்கிழமை யார் வருவா?”

“திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமைங்க ஐயா” என்றார் கல்லூரியின் கரஸ்பாண்டன்ட்.

“விழாவைக் கேக்கல. செவ்வாய்க்கிழமை.”

“எந்தச் செவ்வாய்க்கிழமை?”

“எல்லாச் செவ்வாய்க்கிழமையும்.”

அவருடைய திட்டம் இதுதான்: வாரத்தில் ஒரு நாள், மூன்று பேர், ஒரு ஏணி, நிறையப் பழந்துணி. செவ்வாயில் முகூர்த்தம் இருக்காது, கிரகப்பிரவேசம் இருக்காது, காதுகுத்து இருக்காது. வராதவனுக்குச் சொல்லச் சாக்கே இருக்காது. ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று அடிப்பார், மற்றவர் உள்ளே இரும்புக் கட்டியைத் தகட்டில் அழுத்திப் பிடித்திருப்பார். அடிப்பவரைப் படம் எடுப்பார்கள், பிடிப்பவர் இருட்டுக்குள் இருப்பார். “இருட்டுக்குள்ள இருக்கச் சம்மதிக்கிற ஆளைக் காட்டுங்க, மூக்கை எந்தப் பக்கம் வெக்கலாம்னு அப்புறம் சொல்றேன்.” நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குள் தாழ்வாரத்தில் ‘டொக், டொக்’ என்று சத்தம். கார் டிரைவர் ஆல்டிமீட்டர் கண்ணாடியை விரல் நகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். “முள்ளு லேசா ஒட்டுது போலங்க ஐயா. தட்டினா ஒரு புள்ளி நகருது.”

கரஸ்பாண்டன்ட் அதட்ட வாயெடுத்தார். சித்தப்பா கை காட்டி நிறுத்தினார். விமானிகளே அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்களாம். “உனக்குச் செவ்வாய்க்கிழமை டூட்டி உண்டாப்பா?”

“வண்டியைத் துடைச்சு வெச்சுட்டுச் சும்மாதாங்க இருப்பேன்.”

விமானம் இன்னும் வரவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த வெள்ளைக் கார் சித்தப்பா வீட்டு வாசலில் நிற்கிறது. எதற்கு நிற்கிறது என்று கரஸ்பாண்டன்டுக்கு மட்டும் இன்னும் தெரியாது.