வாலிபர் ஊழியமும் பாட்டிமார் சங்கமும்

கொத்மலைத் தோட்டங்களில் வாலிபர் ஊழியம் செய்யப் புறப்படுகிறவனுக்கு ஒரே ஒரு இடைஞ்சல்தான்: வாலிபர்கள் ஊரில் இல்லை. கோயில் இருக்கிறது, மணி இருக்கிறது, கிறிஸ்மஸ் நாடகத்துக்குத் தைத்த மேய்ப்பர் அங்கிகள் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கின்றன. மேய்ப்பர்கள்தான் கொழும்பில். ஒருவன் புறக்கோட்டைத் துணிக்கடையில், இன்னொருவன் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில். பெண்பிள்ளைகள் கட்டுநாயக்கா கார்மென்ட்டில். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது லயமெல்லாம் அதே பேச்சு. பையன்களுக்கு மட்டும் அந்தச் செய்தியைப் போனில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில்தான் என்னைப் பயிற்சிக்காக ஓர் உபதேசியாரிடம் ஒப்படைத்தார்கள். என் முதுகில் கிட்டார். பையில் இளைஞர் உளவியல் குறிப்புகள், கூச்சம் போக்கும் விளையாட்டுகள் அடங்கிய ஒரு கோப்பு, கலர் மார்க்கர்கள். உபதேசியார் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தம்பி, குடை இருக்கா?"

இல்லை. முதல் பாடத்திலேயே நனைந்தேன்.

மலையகத்தில் உபதேசியார்மாருக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1854இல் இங்கே தோட்டத் தமிழருக்கென்று மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்தார்கள். கோப்பிக் காலம் அது. தோட்டம் தோட்டமாக நடந்தே போய்ச் சபை சேர்த்தவர்கள் அவர்கள். எங்கள் உபதேசியார் அந்த மரபில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. பூண்டுலோயாவுக்கு பஸ் ஓடுகிறது, ஆட்டோ ஓடுகிறது, அவர் நடப்பார். கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் லயத்துக்குத் திரும்பும் நேரம் பார்த்துக் கிளம்புவார். நான் பின்னால், குடையோடும் அட்டைகளோடும். முன்னால் போகிறவரின் காலடி அட்டையை எழுப்பிவிடும். அது பின்னால் வருகிறவன் காலில் ஏறும். குருவுக்குப் பின்னே நடப்பதில் உள்ள இந்த விசேஷம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அவர் போய் உட்காருவது எல்லாம் பாட்டிமார் வீட்டு இஸ்தோப்பில். அம்மா துபாயிலோ குவைத்திலோ வீட்டு வேலைக்குப் போயிருப்பாள், பேரப்பிள்ளைகளை வளர்த்தது அம்மாயிதான். உபதேசியார் முழங்கால் வலியை விசாரிப்பார். மாடு கறக்கிறதா என்பார். தகரக் கூரை ஒழுகும் இடத்தை எழுந்து போய்ப் பார்ப்பார். பிளேன்டியும் ரொட்டியும் கட்டச்சம்பலும் வரும். சம்பலின் காரத்தில் என் கண் கலங்கும். அம்மாயி அதை பக்தி என்று எடுத்துக்கொள்வாள். கிளம்புவதற்காக எழுந்து, செருப்பில் கால் நுழைக்கும்போதுதான், "பேரன் பேசுனானா?" என்று கேட்பார்.

அவ்வளவுதான். யாரிடம் கடன், எந்த முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறான், யார் குடிக்கப் பழகியிருக்கிறான், யார் ஒரு பிள்ளையை விரும்பி அதை வீட்டில் சொல்லப் பயந்திருக்கிறான், அத்தனையும் செருப்பு மாட்டுகிற நேரத்தில் கொட்டும். என் கோப்பில் இதற்கு நாலு பக்கக் கேள்வித்தாள் இருந்தது.

நானும் என் பங்குக்கு முயன்றேன். வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கிக் காலையில் வசனம், மாலையில் சிந்தனை என்று அனுப்பிவந்தேன். கும்பிட்ட கை படம் ஒன்று பதிலாக வரும், அதுவும் தீபாவளிக்கு வரும். போன் எடுத்தால் அடித்துக்கொண்டே கிடக்கும். ஒரு சாயங்காலம் உபதேசியார் ஓர் அம்மாயியின் கையிலிருந்த பழைய பட்டன் போனை வாங்கி, எனக்குப் பதில் தராத அவள் பேரனுக்கு அடித்தார். முதல் ரிங் முடியவில்லை.

"சொல்லு அம்மாயி!"

உபதேசியார் போனை என் கையில் திணித்தார். "உன் வாலிபன் தம்பி. பேசு."

மத்தியில் ஒருவரை வைத்து உலகத்தை எட்டுவது கொத்மலைக்குப் புதிதில்லை. 1999இல் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலிக்கு இணையம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை வானொலியில் சொல்வார். கணினியைக் கண்ணால் காணாத வீட்டுக்கும் பதில் போய்ச் சேர்ந்தது. அம்மாயிமார் நடத்துவதும் அதே வானொலிதான். மின்வெட்டு நாளிலும் நிற்காது.

இது எனக்குப் பிடிபட்டதும் கொஞ்சம் அறிவைக் காட்டலாம் என்று தோன்றியது. 1844இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜோர்ஜ் வில்லியம்ஸும் துணிக்கடையில் வேலை பார்த்தவர்தான், நாட்டுப்புறத்திலிருந்து பிழைக்க வந்த பையன்களுக்காகவே தொடங்கினார், நம்ம புறக்கோட்டைப் பையன்கள் மாதிரி, என்று விளக்கினேன். உபதேசியார் கவனமாகக் கேட்டார்.

"ஊருல அவருக்கு ஒரு அம்மாயி இருந்திருக்கும்" என்றார்.

பிரசங்கம் பற்றி அவர் எனக்கு எடுத்த வகுப்பு ஒன்றே ஒன்று. அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரம். துரோவாவில் பவுல் நள்ளிரவு வரை பேசுகிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுகிறான். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொள்கிறார், பையன் பிழைக்கிறான்.

"இதுல என்ன தெரியுது தம்பி?"

"விசுவாசம், ஐயா."

"பகல் முழுக்க வேலை செஞ்ச பையன் ஜன்னலுலதான் உக்காருவான். அவன் விழுந்தா பிரசங்கத்த நிப்பாட்டிட்டு எறங்கிப் போவணும். அது வரைக்கும் பவுல் செஞ்சது சரி."

"அதுக்கப்புறம்?"

"திரும்ப மேல ஏறிப்போய் விடிய விடியப் பேசினாரு. அத நீ செய்யாத."

டிசம்பர் கடைசியில் கொழும்பு பஸ்கள் பையன்களை மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டன. புது ஷூ, புது தலைவெட்டு. அவர்களின் கடன் முதல் காதல் வரை எனக்கு ஏற்கெனவே மனப்பாடம் என்ற தைரியத்தில் கோயில் வாசலில் நின்றேன். முதலில் வந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அட்ட கடிச்சா அலறுற அண்ணன் நீங்கதானே? சம்பல் சாப்பிட்டா அழுவீங்களாமே?"

வானொலி இரண்டு பக்கமும் ஒலிபரப்புகிறது என்பதை உபதேசியார் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அங்கேயே நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். சிரித்து ஓய்ந்தபிறகு ஒருவன் மட்டும் தள்ளிப்போய் நின்று, "அண்ணே, ஒரு விசயம் பேசணும்" என்றான். சம்பளம் பிடித்து வைத்திருக்கும் முதலாளி விவகாரம். நான் ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன். அதுவும் உபதேசியாரிடம் கற்றதுதான்.

பயிற்சி அறிக்கைப் படிவத்தில் 'சந்தித்த இளைஞர்கள்: பெயர், வயது' என்று ஒரு கட்டம் உண்டு. வருஷம் முழுக்க நான் சந்தித்தவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். பேனாவைக் கடித்தபடி உபதேசியாரைப் பார்த்தேன்.

"பேரு எடத்துல பேரன் பேர எழுது. வயசு எடத்துல அம்மாயி வயசப் போடு" என்றார். "யாராச்சும் கேட்டா, எங்க வாலிபரு நல்ல முதிர்ச்சின்னு சொல்லிக்கலாம்."