மணல்மேட்டில் கழன்ற சக்கரம்

ஃபீனிக்ஸ், அரிசோனா

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். கோமதி அம்மன் புண்ணியத்தில் என் எலும்பெல்லாம் அததன் இடத்தில் இருக்கிறது. முறிந்தது என்னோடு வேலை பார்க்கிற மதுரைக்காரரின் காறை எலும்பு. வாட்ஸ்அப் வழியாகச் சங்கரன்கோவில் வந்து சேர்வதற்குள் அது என் இடுப்பெலும்பாகி, அத்தை தினமும் பிரகாரம் சுற்றுவதாகக் கேள்வி. சொல்லி நிறுத்திவிடுங்கள். இல்லை, சுற்றட்டும், சுகர் டாக்டரும் நடக்கத்தானே சொன்னார்.

இங்கே ரோட்டில் குழி கிடையாது. அதனால் சனிக்கிழமையானால் ஜனங்கள் காசு கொடுத்துக் குழியைத் தேடிப் போகிறார்கள். அதற்கென்றே பாலைவனம், அதற்கென்றே ஒரு வண்டி: நாலு தடித்த சக்கரம், இரும்புக் குழாயில் கூண்டு, கதவு இருக்க வேண்டிய இடத்தில் வலை. ஐப்பசி மழையில் நம்ம தெருக்கோடிவரை போய் வந்தால் சும்மா கிடைக்கிற குலுக்கலுக்கு இங்கே மணிக்கணக்கில் வாடகை. மதுரைக்காரர் ரொம்ப நிதானமாகத்தான் ஓட்டினார். மணல்மேட்டில் திரும்பும்போது முன்சக்கரம் மட்டும் எங்களை விட்டுவிட்டுத் தனியாக இறங்கிப் போய்விட்டது.

வண்டியை வாடகைக்கு விட்டவர் ஸ்பேனரோடு ஓடி வந்தார், "இப்ப மாட்டித் தர்றேன்" என்று. மதுரைக்காரரின் மனைவி குறுக்கே நின்றார். "ஒரு போல்ட்டைத் தொட்டா நடக்கிறது வேற!" தமிழில்தான் சொன்னார், அந்த ஆளுக்கு நன்றாகவே புரிந்தது. புருஷன் மண்ணில் கிடந்து முனகும்போது அந்தம்மா ஒடிந்த அச்சை நாலு பக்கமும் போட்டோ எடுத்தது அவருக்கு இன்னும் வருத்தம். ஆனால் பிறகு கேஸை எடுத்த வக்கீல் அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. வண்டி தயாரித்த கம்பெனிமேல் போடுகிற இந்த மாதிரிக் கேஸில் முதல் சாட்சி உடைந்த வண்டிதானாம். அதை மாட்டிவிட்டால், விற்றுவிட்டால், காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் கேஸும் கூடவே போகும். மறுநாளே, வண்டியை அப்படியே வைத்திருக்கச் சொல்லி நோட்டீஸ் போய்விட்டது.

வக்கீலைத் தேட வேண்டியதே இல்லை மாமா. நம்மூரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பிளெக்ஸ் வைப்பார்கள். இங்கே நெடுஞ்சாலை முழுக்க வக்கீல்கள் சிரிக்கிறார்கள். ஜெயித்தால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் எடுத்துக்கொள்வார்கள், தோற்றால் பீஸ் இல்லை. நம் பார் கவுன்சில் விதிப்படி விளம்பரமும் கூடாது, இந்தப் பங்குக் கணக்கும் கூடாது.

நீங்கள் போனில் கேட்டீர்களே, "கம்பெனிக்காரன்கிட்டயா வாங்கினான், அவன்மேல கேஸ் போட?" என்று. 1916-இல் ப்யூக் கார் கம்பெனியும் நியூயார்க்கில் இதையேதான் கேட்டது. மாக்பெர்சன் என்பவர் கல்லறைக்குக் கல் கொத்துகிறவர். காரின் மரச்சக்கரம் நொறுங்கி அடிபட்டார். "நீ டீலரிடம்தானே வாங்கினாய், சக்கரமும் வேறொருத்தர் செய்தது" என்றது கம்பெனி. கவனமில்லாமல் செய்தால் ஆபத்தாகும் என்று தெரிந்த பொருளை, சோதித்துப் பார்க்காமல் சந்தைக்கு விட்டது யார் என்று திருப்பிக் கேட்டார் நீதிபதி கார்டோசோ. கல் கொத்துகிறவர் ஜெயித்தார்.

அடுத்தது கலிஃபோர்னியா. கிரீன்மேன் என்பவருக்கு மனைவி கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு மரவேலை மெஷின் வாங்கிக் கொடுத்தார். கடைந்துகொண்டிருந்த கட்டை தெறித்து நெற்றியில் அடித்தது. மனைவி வாங்கித் தந்ததால் பட்ட அடிக்குக் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த ஒரே புருஷன் அவராகத்தான் இருப்பார். பொருளில் குறை இருந்து அடிபட்டால் போதும், தயாரித்தவரின் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டாம் என்றது 1963 தீர்ப்பு. இதுதான் இன்றைக்கு மதுரைக்காரரின் தைரியம். அடிபட்டால் கேஸ் போட மாட்டேன் என்று ஏறுமுன் அவர் படிக்காமல் போட்ட கையெழுத்து வாடகைக்கு விட்டவரோடு போட்டது. தயாரித்தவர் கணக்கு வேறு என்கிறார் வக்கீல்.

அரசாங்கமும் சும்மா இல்லை. மூன்று சக்கரத்தில் வந்த மணல் வண்டிகள் கவிழ்ந்துகொண்டே இருந்ததால், 1988-இல் ஹோண்டா, யமஹா உட்பட ஐந்து கம்பெனிகள் அவற்றை விற்பதை நிறுத்த ஒப்புக்கொண்டன. 2016-இல் போலாரிஸ் கம்பெனி, தீப்பிடிக்கிறது என்று 1,33,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை அதில் செத்துப்போயிருக்கிறாள். குறையை உரிய நேரத்தில் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டுக்காக 2018-இல் அந்தக் கம்பெனி கட்டிய அபராதம் 2.725 கோடி டாலர்.

இதையெல்லாம் எழுதுவது மேலத்தெரு அண்ணாச்சிக்காக. பவர் டில்லரின் கைப்பிடி முறிந்து கை போனதை "நேரம் சரியில்லை" என்று விட்டுவிட்டாராமே! நேரமல்ல, வெல்டிங் சரியில்லாமல் இருந்திருக்கலாம். நம்ம 2019 நுகர்வோர் சட்டத்திலும், பொருளில் தயாரிப்புக் குறை இருந்தால் தயாரித்தவர்தான் பொறுப்பு. பிழைப்புக்குத் தானே ஓட்டுகிற டில்லர்தானே, அவரும் நுகர்வோர்தான். குடியிருக்கிற மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்; பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது; இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வழி கேட்க 1915 என்ற நம்பர் இருக்கிறது.

ஒரு பயம் மட்டும் உண்டு. அண்ணாச்சி எதையும் வாங்கின மறுநாளே வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் "ஆல்ட்ரேஷன்" பண்ணுகிறவர். பொருளை மாற்றியிருந்தால் விற்றவர் மேல் கேஸ் நிற்காது; தயாரித்தவரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார். கைப்பிடியில் கை வைத்தாரா, ஸ்பீக்கர் மாட்டியதோடு நிறுத்தினாரா என்று பக்குவமாகக் கேளுங்கள். பில்லைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். முறிந்த கைப்பிடியை அவர் மகன் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருக்கிறான் என்று அம்மா சொன்னாள். அதை உடனே கழற்றிச் சாக்கில் சுற்றிப் பரணில் போடுங்கள். கதவுக்கு வேறு தாழ்ப்பாள் என் கணக்கில் வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்