மூச்சு விடச் சொல்லுதாம் கடியாரம்

ஏனுங் மாப்ள, கையில கட்டியிருக்கறது புர்ருன்னு அதிருதே, என்னங்க அது? ஓ, மூச்சை இழுத்து விடச் சொல்லுதா! நல்லதுங்க, விடுங்க விடுங்க. மறந்து கிறந்து போயிட்டீங்கன்னா உங்கத்தைக்கு நாந்தான் பதில் சொல்லோணும். 40,000 ரூபாயுங்களா விலை? நம்ம கட்டுத்தரையில நிக்கற எருமை பொறந்ததுல இருந்து ஓசியிலயேதான் மூச்சு விட்டுட்டிருக்குது. மேல பாலும் கறக்குது.

நீங்க படிச்சவிங்க, சரவணம்பட்டியில பெரிய கம்பெனி வேலை. உங்களுக்குப் புத்தி சொல்றதுக்கு எங்கிட்ட இருக்கற ஒரே தகுதி வயசுதான். ஆனா "நாள் பூரா ஓடறேன் மாமா, செத்த நேரம் மனசு சும்மா இருக்க ஒரு வழி சொல்லுங்க"ன்னு நீங்களேதான் வாயைக் குடுத்தீங்க. இனி கேட்டுட்டுத்தான் போகோணும்.

எங்கப்பாரு, அதாவது எங்க தாத்தா, பண்ணாடி தோட்டத்துல கவலை ஓட்டுனவரு. மனசுக் கவலை இல்லீங்க, கெணத்துல தண்ணி எறைக்கற கவலை. காளை ரெண்டும் சரிவுல எறங்கும். பாரத்துக்கு வடக்கயித்து மேல அப்பாரு ஏறி உக்காந்துக்குவாரு. மாடு அடி மொனைக்குப் போய்ச் சேரவும், சால் மேல வந்து தும்பி வழியாத் தொட்டியில தண்ணியைக் கொட்டவும் சரியா இருக்கும். அந்தத் தண்ணி கொட்டி முடியற வரைக்கும் மாடும் நிக்கோணும், மனுசனும் நிக்கோணும். முதுகையே சொரிஞ்சாலும் சரி, வானத்தையே பாத்தாலும் சரி, ஒருத்தனும் கேக்க முடியாது. அப்பறம் மாடு பின்னாலயே அடி வெச்சு மேல வரும், மறுக்கா எறங்கும். எத்தனை சால் எறைச்சாரோ அத்தனை தடவை நின்னாரு. அதுக்கு ஓய்வுன்னு ஆரும் பேரு வெக்கலை. வெச்சிருந்தாப் பண்ணாடி அதைக் கூலியில புடிச்சிருப்பாரு.

அப்பறம் கரண்டு மோட்டாரு வந்துது. சுவிட்சைத் தட்டுனாத் தண்ணி. மிச்சமான நேரத்துல எங்கய்யன் காலை நீட்டிப் படுத்தாருன்னா நெனைக்கறீங்க? இன்னும் ரெண்டு ஏக்கரு குத்தகைக்குப் புடிச்சுக் கரும்பு வெச்சாரு. மும்முனைக் கரண்டு ராத்திரி 12 மணிக்கு வந்தா, 12 மணிக்கே டார்ச்சு லைட்டோட போனாரு. உங்க ஊரு அவிநாசி ரோட்டு மேம்பாலமும் அந்தக் கதைதானுங்களே? உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டரு, சிக்னலே கெடையாது. முன்னெல்லாம் சிவப்பு விளக்குல வேண்டா வெறுப்பா ஒரு நிமிசம் நிப்பீங்க. இப்ப அதுவும் மிச்சம். மிச்சமானதை எங்க போட்டு வெச்சிருக்கறீங்க மாப்ள? பேங்குலயா?

சுமைதாங்கிக் கல்லைப் பாத்திருக்கறீங்களா? ரெண்டு கல்லு நட்டு, மேல ஒரு கல்லைக் குறுக்கால போட்டிருக்கும். ஆளு தலை ஒசரம். சந்தைக்கு மூட்டை சொமந்து போறவன் அடுத்தவன் கையை எதிர்பாக்காம, குனியாமக் கொள்ளாம, நின்ன வாக்குல தலையில இருந்து அப்படியே தள்ளி வெச்சுக்கலாம். வயித்துப் புள்ளையோட செத்துப்போன பொம்பளை நெனைப்பா நட்டு வெக்கறது. அவ எறக்க முடியாமப் போன சொமையை, வழியில போற எவனாவது எறக்கி வெச்சுட்டுப் போகட்டும்னு. ரோட்டை அகலப்படுத்தும்போது நெறையக் கல்லைப் புடுங்கிக் கடாசிட்டாங்க. மீதி இருக்கறதை உங்களுக்குக் காட்டலாந்தான். போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெச்சுட்டு, எத்தனை பேரு பாத்தாங்கன்னு எண்ணீட்டே வீடு போய்ச் சேருவீங்க.

ஓய்வுக்குன்னு சட்டமும் ஒண்ணும் போடாம இல்லீங்க. 1948ல வந்த தொழிற்சாலைச் சட்டத்துல, 5 மணி நேரத்துக்கு மேல ஒருத்தனை ஒரே மூச்சா வேலை வாங்கக் கூடாது, நடுவுல அரை மணி நேரமாவது விடோணும்னு அப்பவே எழுதி வெச்சாங்க. துணிக்கடையில காலு வீங்க நிக்கற புள்ளைங்க உக்காரறதுக்கு ஒரு நாற்காலி போடுங்கய்யான்னு நம்ம சட்டசபையில 2021லதான் சட்டம் வந்துது. அந்தப் புள்ளைங்களுக்கு உக்காரச் சட்டம் போட்டாச்சு. உங்களுக்குச் சக்கரம் வெச்ச நாற்காலி குடுத்திருக்கறாங்க, எந்திரிக்கத்தான் இனி ஒரு சட்டம் போடோணும்.

போன நோம்பிக்கு வந்தப்ப ஒரு தக்காளிக் கதை சொன்னீங்களே? இத்தாலியில படிச்சிட்டிருந்த பையன் ஒருத்தன், தக்காளியாட்ட இருக்கற அடுப்படிக் கடியாரத்தைத் திருகி வெச்சு, 25 நிமிசம் வேலை, 5 நிமிசம் ஓய்வுன்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டானாமே. நம்ம நாழிகை 24 நிமிசமுங்க. தக்காளி பழுக்கட்டும்னு ஒரு நிமிசம் கூடப் போட்டிருப்பானாட்ட இருக்குது. அதுக்காக நம்ம ஆளுக நாழிகை பாத்துப் பாத்து ஓய்வெடுத்தாங்கன்னு பெருமை பேச மாட்டேன், எங்கப்பத்தா கேட்டிருந்தாச் சிரிச்சே செத்திருப்பா. எனக்குத் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான்: அந்த 5 நிமிசத்துல நீங்க என்ன பண்ணுவீங்க? சொல்ல வேண்டாம், போனு கையிலயே இருக்குது.

உங்க நாள்லயும் தண்ணி கொட்டற நேரம் இல்லாம இல்லீங்க மாப்ள. லிப்டு வர்ற வரைக்கும் நிக்கறீங்க. குக்கரு மூணு விசிலு விடற வரைக்கும் நிக்கறீங்க. பேக்கரியில டீ சொல்லீட்டு நிக்கறீங்க. மாஸ்டர் ஆத்தற ஆத்துல டீ கயிறாட்ட எறங்கறது எவ்வளவு அழகு! நீங்க அண்ணாந்தாவது பாத்திருப்பீங்களா? சுடச்சுட வாயில ஊத்திக்கிட்டு, நாக்கு வெந்ததே தெரியாம நாலு பேருக்குக் கும்புடு பொம்மை அனுப்புவீங்க. சாயங்காலம் காரை நிறுத்தீட்டு எறங்காம ரெண்டு நிமிசம் சும்மா உக்காந்து பாருங்க. மேல இருந்து எம் மக பாத்துட்டு "காருக்குள்ள ஆரு கூடப் பேசிட்டிருந்தீங்க"ன்னு கேட்டா, அது உங்க பாடு. நான் சொல்லிக் குடுத்தேன்னு மட்டும் சொல்லீராதீங்க.

நான் எப்படி ஓய்வெடுக்கறேன்னா கேக்கறீங்க? நான் தெனமும் மத்தியானம் மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தென்னைக்குத் தண்ணி கட்டப் போயிருவேன். என்னத்துக்குங்க சிரிக்கறீங்க? ஆமாங்க, சொட்டுநீர் போட்டாச்சுதான். சிறு விவசாயிக்கு முழு மானியம், ஒரு பைசாச் செலவில்லை. வால்வைத் திருகுனாத் தண்ணி அதுவாப் போகுது. அந்த வெவரம் உங்கத்தைக்கு இன்னும் சரியா வெளங்கலை. நானும் வெளக்கலை.

பாருங்க, போனு அடிக்குது. ஆருன்னு பாருங்க. கம்பெனியா இருந்தா எடுத்துப் பேசுங்க. உங்கத்தையா இருந்தா, மாமன் தண்ணி கட்டீட்டிருக்கறாரு, மடை ஒடைஞ்சு போச்சு, இப்போதைக்கு வர முடியாதுன்னு சொல்லீருங்க.