கொம்பைப் பார்க்காதே, காட்டைப் பார்!

நியூசிலாந்து மலைகளில் காடேறிய வெள்ளாடுகளை வேட்டையாடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரப் பதில்கள்.

● வெள்ளாடு வீட்டு விலங்குதானே? அது எப்போது வேட்டை விலங்கு ஆனது? (மதுரை)

பட்டியை விட்டுப் போய் மலையிலேயே ஈன்று பெருகினால் போதும், ஆள் வாடை பட்டதும் பாறையேறும் விலங்காகிவிடும். 1773-இல் கேப்டன் ஜேம்ஸ் குக் அங்கே வெள்ளாடுகளைக் கரையிறக்கினார். பின்னால் வந்த குடியேறிகளும் கொண்டுவந்தார்கள். 1980களில் ஆட்டு உரோமத்துக்குப் பெரிய கிராக்கி வந்தது. அது சரிந்ததும், விலைபோகாத ஆடுகளும் மலையேறின.

● வாயில்லா ஜீவனைச் சுடுவது பாவமில்லையா? (கும்பகோணம்)

மரமும் வாயில்லா ஜீவன்தான், அம்மா. நியூசிலாந்தின் வடமுனைக்கு அப்பால் 'மூன்று அரசர்கள்' என்றொரு தீவுக் கூட்டம் இருக்கிறது. கப்பல் உடைந்து ஒதுங்குவோருக்கு உணவாகட்டும் என்று அதன் பெரிய தீவில் 1889-இல் 4 ஆடுகளை விட்டார்கள். அவை நூற்றுக்கணக்கில் பெருகின. 1945-இல் தாவரவியலாளர் ஜெஃப் பெய்லிஸ் அங்கே போனபோது, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மர இனத்தில் ஒரே ஒரு மரம்தான் மிஞ்சியிருந்தது. அதுவும் ஆட்டுக்கு எட்டாத செங்குத்துச் சரிவில் நின்றதால் தப்பியது. அடுத்த ஆண்டே ஆடுகள் அனைத்தையும் சுட்டு அகற்றினார்கள். அந்த ஒற்றை மரத்தின் கிளைத் துண்டுகளிலிருந்து வளர்த்த கன்றுகள் இன்று தோட்டங்களில் நிற்கின்றன. ஆட்டுக்கு உலகமெங்கும் இடம் உண்டு. அந்த மரத்துக்குச் சொந்த மண் அந்த ஒரு தீவுதான்.

● படங்களில் அந்த மலைகள் பச்சைப் பசேலென்றுதானே இருக்கின்றன? (கோவை)

அண்ணாந்து பார்த்தால் பச்சைதான். குனிந்து பாருங்கள். ஆடு மேய்ந்த காட்டில் இடுப்புயரத்துக்குக் கீழே வெளிச்சமாக இருக்கும். மரக்கன்றுகள் இரா, மண் தெரியும், வேர் தெரியும். மிளகு போல உறைக்கும் ஹொரொபிட்டோ இலையை ஆடு தொடாது என்பதால் அது மட்டும் தழைத்து நிற்கும். பெரிய மரங்கள் தம் ஆயுள் முடிந்து சாயும்போது அவற்றின் இடத்தைப் பிடிக்க இளமரம் ஒன்றும் இருக்காது. ஆதியில் அங்கே நிலத்தில் வாழ்ந்த பாலூட்டி வௌவால் மட்டுமே. பல்லுக்குத் தப்பும் வித்தை அந்தச் செடிகளுக்குத் தெரியாது.

● அப்படி எவ்வளவு வேகமாகத்தான் பெருகும்? (தேனி)

ஆடு வளர்க்கும் ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கே தெரியும். ஆறேழு மாதத்தில் பருவம், ஐந்து மாதச் சினை, பெரும்பாலும் இரட்டைக் குட்டி. அங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாயும் இல்லை. துப்பாக்கிதான் இருக்கிறது.

● ஆட்டை நெருங்கும் சூட்சுமம் என்ன? (ஆக்லாந்து)

முதலில் காற்று, அப்புறம்தான் கால். வெயில் ஏறினால் சரிவின் காற்று மேல்நோக்கி எழும். மாலையில் குளிர்ந்து கீழே வழியும். ஆகவே முற்பகலில் ஆட்டுக்கு மேலே இருங்கள். ஆடு ஆபத்தைக் கீழேதான் எதிர்பார்க்கும், மிரண்டால் மேலே ஓடும். அதனாலும் மேலே இருப்பதே நல்லது. நடப்பதைக் குறைத்து, தொலைநோக்கியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். குளிர்காலக் காலையில் வடக்குப் பார்த்த சரிவுகளைத் தேடுங்கள். தென்கோளத்தில் வெயில் அந்தப் பக்கம்தான் விழும், ஆடுகள் அங்கேதான் காய்ந்துகொண்டு நிற்கும். ஒரு கல் உருண்டாலும் மொத்தக் கூட்டமும் தலை தூக்கும். அப்போது அசையாதீர்கள். மீண்டும் மேயக் குனிந்த பிறகு அடுத்த அடி வையுங்கள்.

● காட்டுக்குப் போகிறவர்கள் ஏன் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போடுகிறார்கள்? ஆடு பார்த்துவிடாதா? (சேலம்)

மனிதன் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆட்டின் கண்ணுக்கு ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது. "புதர் அசைந்தது, சுட்டேன்" என்று சொன்னவர்கள் சக வேட்டைக்காரனையே கொன்றிருக்கிறார்கள். எதைச் சுடுகிறோம் என்பதில் எள்ளளவும் சந்தேகம் கூடாது என்பது அங்கே அடிப்படைப் பாதுகாப்பு விதி. நிறத்தையோ சத்தத்தையோ நம்பிச் சுடக் கூடாது. முழு ஆடும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தால் மட்டும் சுடலாம்.

● நல்ல வேட்டைக்காரன் கிடாவைச் சுடுவானா, பெட்டையைச் சுடுவானா? (ஹாமில்டன்)

சுவரில் கொம்பு மாட்டுகிறவன் கிடாவைச் சுடுவான், காட்டைக் காக்கிறவன் பெட்டையைச் சுடுவான். பத்துக் கிடாவை வீழ்த்தினாலும், மிஞ்சிய ஒரு கிடா போதும் மந்தைக்கு. ஒரு பெட்டை குறைந்தால் அடுத்த பல ஈற்றுகளும் குறையும். அளக்க வேண்டியது கொம்பின் நீளத்தை அல்ல, மரக்கன்றின் உயரத்தை. ஒரே தோட்டாவில், முன்னங்கால் சப்பைக்குப் பின்னால் நெஞ்சில் பட வேண்டும். அந்த உறுதி இல்லையென்றால் விரலை எடுத்துவிடுங்கள். காயம்பட்ட ஆட்டைப் பாறையிடுக்கில் விட்டு வருவது வேட்டையே அல்ல.

● கறி எப்படி இருக்கும்? (திண்டுக்கல்)

இளம் பெட்டை நம்மூர் வெள்ளாட்டுக் கறி மாதிரிதான், கொழுப்பு குறைவு. மெதுவாக வேகவிட வேண்டும். பருவக் கிடாவின் வாடையை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. சுட்டதும் குடலை எடுத்து, நிழலில் காற்றாட விடுங்கள். கறியை வீணாக்காமல் சுமந்து வருவது அந்த உயிருக்கு நாம் தரும் மரியாதை.

● சட்டம் என்ன சொல்கிறது? (வெலிங்டன்)

துப்பாக்கி உரிமம் வேண்டும். அரசுக் காட்டில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். தனியார் நிலமென்றால் உரிமையாளர் சம்மதம். ஆட்டுக்குத் தனிப் பருவமோ எண்ணிக்கை வரம்போ கிடையாது.

● 'யூதாஸ் ஆடு' என்கிறார்களே, அது என்ன? (திருநெல்வேலி)

ஆடு தனிமை தாங்காது. ஓர் ஆட்டின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டால், ஒளிந்திருக்கும் கூட்டத்தைத் தானே தேடிப் போய்ச் சேரும், பின்தொடரும் வேட்டைக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கலபகோஸ் தீவுகளில் ராட்சத ஆமைகளின் மேய்ச்சலைக் காக்க இப்படித்தான் கடைசி ஆடுகள் வரை தேடினார்கள். கடைசி நூறு ஆடுகள்தான் முதல் ஆயிரத்தைவிடக் கடினம். நியூசிலாந்தின் தரனாகி மலையில் 1925-இல் தொடங்கிய ஆட்டுக் கட்டுப்பாடு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீண்டது.

● நீலகிரியில் இந்த வேட்டைக்கு வழி உண்டா? (குன்னூர்)

இல்லவே இல்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நிற்கவும் வேண்டும். நம் மலையின் வரையாடு இந்த மண்ணின் பிள்ளை, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் அதற்கு வீடு இல்லை. அந்த ஒற்றை மரத்தை எந்த நியாயத்தால் காத்தார்களோ, அதே நியாயம்தான் வரையாட்டையும் காக்கச் சொல்கிறது.

● கடைசியில் குற்றவாளி யார், ஆடா? (யாழ்ப்பாணம்)

கொண்டுபோய் விட்ட மனிதன். ஆடு பசித்தால் தின்கிறது, அவ்வளவுதான். ஆகவே நியூசிலாந்தில் காட்டோரம் ஆடு வளர்க்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள்: வேலியை இன்றே சுற்றிப் பாருங்கள். ஆடு வேண்டாமென்றால் விற்றுவிடுங்கள், மலையில் விடாதீர்கள். வேலியில் ஒரு கம்பியை இறுக்கினால், நாளை மலையில் சுட வேண்டிய தோட்டாக்கள் குறையும்.