இரண்டு சாவிக்காரர்கள்

வங்கிக் கிளைகளில் ‘சாரும் மேடமும்’ என்று ஓர் இனம் உண்டு. ஒரே ஆண்டில் ஐ.பி.பி.எஸ். தேர்வெழுதி, ஒரே மாதத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவர்கள். பிரமோஷன் தேர்வையும் இருவருமே எழுதினார்கள். மேடம் தேறினார், சார் இன்டர்வியூவில் கோட்டைவிட்டார். ஆபீசரானவரை வெளியூருக்கு மாற்றுவது வழக்கம் என்பதால் மேடம் கொஞ்ச காலம் கண்ணில் படாமல் இருந்தார். பிறகு ஒரு ஜூன் மாதம் அதே கிளைக்கு, அதே சாருக்கு மேலே வந்து உட்கார்ந்தார்.

வங்கியின் வேலைமுறையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தக் காதலுக்குத் தரகர் அதுதான். அங்கே எந்த வேலையையும் ஒரே ஆள் தொடங்கி ஒரே ஆள் முடிக்க முடியாது. கிளார்க் என்ட்ரி போடுவார். அவருடைய வரம்பைத் தாண்டிய தொகை என்றால் ஆபீசர் தன் ஐடியில் நுழைந்து பார்ப்பார். சரியென்றால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். மேக்கர், செக்கர் என்பார்கள். சக மனிதனை நம்பக் கூடாது என்பதை இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல வங்கிக்காரர்களால்தான் முடியும்.

சார் போடும் என்ட்ரிகள் மேடத்தின் திரையில் போய் விழும். வந்த வாரத்திலேயே ரிஜெக்ட் ஆரம்பமாயிற்று. ‘செக் தேதி பார்க்கவும்.’ இதில் நியாயம் இருந்தது. ‘கையெழுத்து பொருந்தவில்லை.’ இதிலும் ஓரளவு இருந்தது. ‘நரேஷன் இல்லை.’ இது வம்பு. சாரும் சளைத்தவரில்லை. மறுநாள் ஒரு சாதாரணப் பணப் பரிமாற்றத்துக்கு, யார் யாருக்கு எதற்காகக் கொடுக்கிறார், அவர் இவருக்கு என்ன உறவு என்பதுவரை கட்டம் கொண்ட மட்டும் நரேஷன் அடித்து அனுப்பினார்.

இருவர் மேசைக்கும் நடுவே ஆறடிதான். பேச்சு மட்டும் சப்-ஸ்டாஃப் அண்ணன் வழியாக.

“அண்ணே, வவுச்சரைப் பாக்காம ரிஜெக்ட் பண்ணக் கூடாதுன்னு மேடம்கிட்ட சொல்லுங்க.”

“அவர் போடற வவுச்சரையே பாத்துட்டிருக்க எனக்கென்ன வேற வேலை இல்லையானு சார்கிட்ட கேளுங்கண்ணே.”

அண்ணன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்புவார். வாய் திறக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கிறது.

இந்த லட்சணத்தில் சாவி வேறு. கிளையின் ரொக்கப் பெட்டகத்துக்கு எப்போதும் இரண்டு சாவி. ஒன்று கேஷ் பொறுப்பில் இருப்பவரிடம், இன்னொன்று ஓர் ஆபீசரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஜாயின்ட் கஸ்டடி என்று பெயர். கேஷ் பொறுப்பு சாருடையது. மற்ற சாவி மேடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆகவே முகத்தைப் பார்க்கவே பிடிக்காத இருவர், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குள் ஒன்றாகப் போய்த் தோளோடு தோள் நிற்க வேண்டும். பெரியவர்கள் நிச்சயித்த கல்யாணத்தில்கூடப் பெண்ணையும் பிள்ளையையும் இப்படித் தனியே விட மாட்டார்கள்.

மாலையில்தான் வேடிக்கை. நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டல். நோட்டுக் கட்டில் ஸ்டேப்பிள் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001-லேயே சொல்லிவிட்டதால், கட்டைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை. பட்டையின் மேல் எண்ணியவரின் இனிஷியலும் தேதியும். மேடம் சாரின் இனிஷியலை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பட்டையைக் கழற்றிவிட்டு எண்ணுவார். மெஷினில் ஒரு தடவை, கையில் ஒரு தடவை. சார் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள்கூட ஒரு நோட்டும் குறைந்ததில்லை. எண்ணுவதும் நின்றதில்லை.

இந்த மாதிரிப் பகைக்கு ஆறடி தூரம் அவசியம். எபசன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு குடியிருப்பில் வீடு வீடாக விசாரித்து 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் அக்கம்பக்கத்தாரைச் சொன்னார்கள், அதில் வியப்பில்லை. யாரைப் பிடிக்காது என்று கேட்டாலும் அக்கம்பக்கத்தாரையே சொன்னார்கள், அதுவும் இன்னும் பக்கத்தில் இருப்பவர்களை. சார் விஷயமும் அதுதான். எங்கோ இருக்கும் ஈரோடு கிளையில் அவருக்கு ஒரு விரோதியும் கிடையாது.

மோதல் காதலில் முடியும் என்பது சினிமாக்காரர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். 1955-ல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் வாத்தியார் வேலைக்காகப் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லி, முறைத்துக்கொண்டும் முகம் சுளித்துக்கொண்டும் காலம் தள்ளி, கடைசியில் பொய்யை மெய்யாக்கினார்கள். அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்த ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ படத்தில், புடாபெஸ்டில் ஒரு கடையில் வேலை பார்க்கும் இருவர் பகலெல்லாம் கடித்துக் குதறிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய், யாரென்று தெரியாமலே ஒருவருக்கொருவர் உருகி உருகிக் கடிதம் எழுதுவார்கள். வங்கியில் அந்த வசதி இல்லை. ஆயிரம் பட்டைக்கு நடுவே சாரின் இனிஷியலை மேடம் கண்டுபிடித்துவிடுவார். ‘ஆர்’ எழுத்தின் வால் நீண்டிருந்தால் கவுண்டரில் கூட்டம் அதிகம்; வால் இல்லவே இல்லையென்றால் ஆள் மத்தியானம் சாப்பிடவில்லை. இத்தனையும் குற்றம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதுதான்.

அப்புறம் 2016 நவம்பர் 8 வந்தது.

ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த பிறகு வங்கிக்காரர்கள் பட்ட பாடு நாடறிந்தது. பழைய நோட்டை மாற்றிக்கொள்ள வரம்பு முதலில் 4,000 ரூபாய், பிறகு 4,500, பிறகு 2,000. அந்த 12-ம் தேதி இரண்டாம் சனிக்கிழமை. முந்தைய ஆண்டுதான் கிடைத்திருந்த விடுமுறை அது, போயிற்று. 13-ம் தேதி ஞாயிறும் போயிற்று. அந்த ஞாயிறு இரவு சாரின் கணக்கு முட்டவில்லை. பத்தாயிரம் ரூபாய் குறைந்தது.

கேஷில் குறைந்தால் கேஷியர்தான் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். சார் பேசாமல் போனை எடுத்தார், யாரிடம் கடன் கேட்கலாம் என்று பார்க்க.

“இருங்க” என்றார் மேடம். அண்ணன் பஸ்ஸுக்குப் போய்விட்டதால் நேரடியாகவே சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று பணம் எடுத்தவர்களின் சீட்டுகளை எல்லாம் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திரையோடு ஒத்துப் பார்த்தார். ஒன்பதரை ஆயிற்று. பத்தரை ஆயிற்று. ஒரு சீட்டின் முதுகில் பசையோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சீட்டு இருந்தது. பத்தாயிரம். நடுவில் சர்வர் நின்ற நேரத்தில் பணம் போயிருக்கிறது, என்ட்ரி ஏறவில்லை. சாரைப் பார்த்து, “உங்க எண்ணிக்கை சரியாத்தான் இருந்திருக்கு” என்றார் மேடம்.

இந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு என்ன என்று கேட்டால் 1965-க்குப் போக வேண்டும். எலியட் ஆரன்சன், டார்வின் லிண்டர் என்ற இருவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொருத்தியும் தன்னைப் பற்றி இன்னொருத்தி பேசுவதைப் பல தவணைகளில் ஒட்டுக்கேட்கும்படி ஏற்பாடு. சிலர் காதில் ஆரம்பம் முதல் புகழ்ச்சி விழுந்தது. சிலருக்கு முதலில் மட்டம் தட்டல், போகப் போகப் பாராட்டு. கடைசியில் யாரை அதிகம் பிடித்திருந்தது? முதலில் மட்டம் தட்டிப் பிறகு பாராட்டியவளைத்தான். ஆய்வை நிரூபிக்க மின்னசோட்டா போயிருக்கவே வேண்டாம். கிளை மேலாளர் எல்லோரையும் எப்போதும் ‘வெரி குட், வெரி குட்’ என்பவர். அவர் பாராட்டை அண்ணன்கூட மதிப்பதில்லை. ரிஜெக்ட் தவிர வேறெதுவும் அறியாத மேடம் ஒரு தடவை ‘சரி’ என்றால் சார் ராத்திரி எப்படித் தூங்குவார்?

முதலில் மோப்பம் பிடித்தவர் நகை மதிப்பீட்டாளர். அவர் வங்கி ஊழியர் இல்லை. நகைக் கடனுக்கு ஆள் வரும்போது வேலை, மற்ற நேரத்தில் உரைகல்லைத் துடைத்தபடி ஊர் பார்ப்பது. அவர் கவனித்தது இது: மாலையில் பட்டையைக் கழற்றும் மேடம் முன்னெல்லாம் அதைக் கசக்கிக் கூடையில் போடுவார், இப்போதெல்லாம் சிலவற்றை மடித்து டிராயரில் வைக்கிறார். நோட்டில் எதுவும் எழுதாதே என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. பட்டையின் உட்பக்கத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ‘டீ குடிச்சீங்களா?’ என்று பென்சிலில் இருக்கும். கட்டைப் பிரித்து எண்ணும் சந்தேகப்பிராணிக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய தபால். எண்ணாமல் கையெழுத்துப் போடும் நல்ல மனுஷியாக அவர் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

சண்டை நின்றுவிட்டதா என்றால் அதுதான் இல்லை. ரிஜெக்ட் தொடர்ந்தது. ஆனால் ஒரு நாள் மேலாளர், அதிசயமாக, சாரைப் பற்றி ஒரு குறை சொல்ல வாயெடுத்தார். “அவர் கேஷ்ல தப்பு வராது சார். நான் தினம் பாக்கறேன்” என்று வெடித்தார் மேடம். கிளை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாரை வையும் உரிமையை அவர் யாருக்கும் பங்கு போட்டுத் தருவதாக இல்லை.

பிறகு வீடுகள், அழுகை, ஜாதகம், சமாதானம். இதெல்லாம் எல்லாக் காதலிலும் உள்ளதுதான். மதம் வேறாக இருக்கும் சாரும் மேடமும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுப்பார்கள். அது பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். இந்த இருவரின் சேர்க்கையை இத்தனை காலமும் விடாப்பிடியாக ஆட்சேபித்து வந்தவர்கள் அந்த இருவர் மட்டுமே என்பதால் பெரும்பாலும் சிக்கல் வராது. மூன்று சாட்சிகள் வேண்டும். அண்ணன் ஒருவர், மதிப்பீட்டாளர் ஒருவர். மூன்றாவதாக மேலாளர் வந்து ‘வெரி குட்’ சொல்லிக் கையெழுத்திடுவார்.

சிக்கல் அதற்கப்புறம்தான். பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைத்ததே அவை ஒன்று சேரக் கூடாது என்பதற்காக. இப்போது இரண்டும் ராத்திரி ஒரே வீட்டில், ஒரே ஆணியில் தொங்கும் நிலை. கணவன் மனைவியை ஒரே கிளையில் வைப்பதை வங்கிகள் பொதுவாகத் தவிர்க்கும். ஒரே பெட்டகத்துக்குப் பொறுப்பாக வைக்கும் பேச்சே இல்லை. சாருக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிளைக்கு மாற்றல் வந்தது. மேடத்துக்குக் கடன் பிரிவு. சாவிகள் கைமாறின.

புதிதாக வந்த ஜோடி தங்கமான மனிதர்கள். காலையில் வணக்கம், மாலையில் வணக்கம். ‘நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்’ என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் பிரிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். ஐந்து நிமிஷத்தில் பெட்டகம் மூடுகிறது. மேலாளருக்குத்தான் ராத்திரித் தூக்கம் போய்விட்டது. இவர்களுக்குள் ஏதாவது சண்டை மூட்டிவிட வழி உண்டா என்று மதிப்பீட்டாளரைத் தனியே கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார்.